எங்கே அனுப்ப

ஐபி எண்ணைக் கேட்டேன், ஆம்ஸ்டர்டாம் என்றது.
கடிகாரத்தைக் கேட்டேன், கிரீன்லாந்து.
உலாவியின் மொழியோ எங்கள் ஃபாரோ மொழி.

சுன்வா கம்பளிச் சட்டை விற்கிறாள்.
தபால் செலவு ஊருக்கு ஊர் வேறு.
"வருகிறவர் எந்த ஊர்,
பிசகாமல் சொல்லவேண்டும்" என்றாள்,
கூலியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டே.

மூன்று தரவுத்தளம் வாங்கிப் போட்டேன்.
இரண்டு, வேறு வேறு துறைமுகம் காட்டின.
ஒன்று நடுக்கடலைக் காட்டியது.
அதைத்தான் முதலில் கழித்துக் கட்டினேன்.

இரவு மூன்று மணிக்கு வருவான் அந்த ஆள்.
சாம்பல் நிறச் சட்டையைப் பெரிதாக்கிப் பார்ப்பான்.
யூரோவில் விலை,
அதன்மேல் ஆம்ஸ்டர்டாமுக்குத் தபால் செலவு.
போய்விடுவான்.
பதினோரு இரவுகள்.

கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு
ஒரு வெற்றுக் கட்டம் வைத்தேன்:
எங்கே அனுப்ப?

அன்றைக்கே நிரப்பினான்.
"கிளாக்ஸ்விக். மீன் ஆலைக்குப் பின்னால் பச்சைக் கூரை.
நான் இறால் கப்பலில். பிப்ரவரி வரை வரமாட்டேன்.
மகனுக்குப் பத்து வயது, கை கொஞ்சம் நீளம்.
கதவு பூட்டியிருக்காது."

திரைச்சீலையை விலக்கினேன்.
எதிர்ச்சரிவில் பச்சைக் கூரை,
சின்ன ஜன்னலில் விளக்கு.

தபால் செலவு: பூஜ்யம்
என்று தட்டிவிட்டு
செருப்பைத் தேடினேன்.
பனிக்குச் செருப்பு ஆகாது.
பூட்ஸைத் தேடினேன்.