ஆறாவது தட்டு

வாசலில் லாரல் கிளை தொங்கினால்
உள்ளே பீப்பாயில் ஒயின் இருக்கிறதென்று பொருள்.
வேறு பலகை எங்கள் கலீசியாக் கரையில் எவரும் வைப்பதில்லை.
காரைத் தெருவில் விட்டு
கார் நின்ற இடத்தில் நான்கு மேசை போட்டிருந்தாள் ஒதீலியா.

சொந்தத் தோட்டத்து அல்பரீன்யோ.
கருங்கல் தூண் ஏறிப் பந்தல் கட்டிய கொடி,
கடற்காற்று தின்று வளர்ந்தது.
வீட்டுக்குப் போக மிஞ்சியதை விற்கலாம்.
தீர்ந்த அன்று கிளையை இறக்கிவிட வேண்டும்.
தொட்டுக்கொள்ள ஐந்து பண்டம் வைக்கலாம்,
ஐந்தே ஐந்து. சட்டம்.

ஒதீலியாவின் ஐந்து:
மத்தி பொதிந்த சோளமாவு அப்பம்;
நடுவில் இன்னும் இளகும் கிழங்குமுட்டை அடை;
பாலாடைக்கட்டி;
மிளகாய்த்தூளில் இரண்டிரவு ஊறிய பன்றி;
வாட்டிக் கல்லுப்புத் தூவிய குட்டி மிளகாய்,
பத்தில் ஒன்று நாக்கைப் பிடுங்கும்,
எதுவென்று செடிக்கே தெரியாது.

பன்றியோடு ஒயின் கொஞ்சம் சண்டை போடும்.
மத்தியோடு அப்படியில்லை,
எண்ணெயைத் துடைத்துவிட்டு
அடுத்த வாய்க்கு இடம் விட்டு நிற்கும்.

நான் போனது விற்கவோ வாங்கவோ அல்ல.
முழங்காலில் பன்னிரண்டு தையல்,
கையில் ஈரச் சாக்கு, ஒரு கேன் கடல்நீர்.
சாக்கில் பெர்சேபே:
கப்பலடியில் ஒட்டும் கொட்டலசுக்கு
ஒன்றுவிட்ட தம்பி.
அலை பின்வாங்கும் ஐந்து நொடியில்
பாறையிலிருந்து சுரண்டி எடுத்தது.
ஆறாவது நொடிக்குத்தான் தையல்.

அடுப்பில் கடல்நீர் ஏறியபோது
அவர் வந்தார். எவரிஸ்தோ, பொந்தேவேத்ரா அலுவலகம்,
தேய்த்த சட்டை, குறிப்பேடு.
தட்டுகளை எண்ணினார்.
பேனா ஐந்தில் நின்றது,
பிறகு அடுப்பைப் பார்த்தது.

"அது என்ன?"

ஒதீலியா பதில் சொல்லவில்லை.
வாசலுக்குப் போனாள்.
ஆணியிலிருந்து கிளையைக் கழற்றினாள்.
இலைகளை ஒரே உருவாக உருவிக்
கொதிக்கும் பானையில் போட்டாள்.
"கடை மூடியாச்சு.
இது என் வீடு, இது என் இரவுச் சாப்பாடு.
நீங்க விருந்தாளி. உட்காருங்க."

பெர்சேபேக்கு நேரம் பார்க்கக் கடிகாரம் வேண்டாம்.
போட்டு, மறுபடி கொதி வந்ததும்
ஒரு "எங்கள் தந்தையே" சொல்லி முடிக்க வேண்டும்.
சொன்னோம். அவரும் முணுமுணுத்தார்.
'ஆமென்' வந்ததும் இறக்கினாள்.

நகத்தைத் திருப்பித் தோலை உரித்தால்
உள்ளே ஆரஞ்சுச் சதை, விரல் நீளம்.
அவர் தப்பாகத் திருப்பினார்.
கடல் பீய்ச்சியடித்தது,
சட்டையில், கண்ணாடியில்,
குறிப்பேட்டில் 'ஐந்து' என்று எழுதிய இடத்தில்.

வெள்ளைக் கிண்ணத்தில் ஒதீலியா ஊற்றினாள்.
உப்புக்கு உப்பு என்றுதான் நினைப்பீர்கள்.
இல்லை. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தாற்போல்
எங்கிருந்தோ ஒரு தித்திப்பு,
பச்சை ஆப்பிளின் தோல்,
அப்புறம் கருங்கல்.
அந்த நேரம் முழங்கால் வலிக்கவில்லை.
பொய் சொல்கிறேன், வலித்தது. கவனிக்கவில்லை.

எவரிஸ்தோ மூன்று கிண்ணம் குடித்தார்,
தோல்களை இராணுவம்போல் அடுக்கினார்,
யாரிடமென்று இல்லாமல்
"என் அப்பாவுக்கு நீச்சல் தெரியாது" என்றார்.
அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

போகும்போது மேசையில் நாணயம் வைத்தார்.
ஒதீலியா தெருமுனை வரை துரத்திப்போய்
அவர் பையில் திணித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை ஆணியில்
அதே கிளை,
மூன்றே இலையோடு.