ஒத்திகை

விடுமுறை வேதப்பள்ளி நாடகத்துக்கு
மாயவரம் பாலத்தடியில் ஒத்திகை.
காவிரியில் மே மாதம். மணல்தான்.
ஆமோஸ்தான் பேதுரு.
மூழ்கச் சொன்னால் சிரிக்கிறான்:
"முட்டிகூட நனையலையேம்மா."
இயேசுவாக நிற்கும் எப்சிபா
கைநீட்டிக் கைநீட்டிக் கோபமாகிறாள்:
"ஒழுங்கா பயப்படுடா!"

பயிர்க்கடன் நோட்டீசை
வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருப்பவர்
செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்.
"நான் காட்டுறேன்."
சாயங்காலமும் சுடும் மணலில்
முழங்காலிட்டு,
மார்புவரை, கழுத்துவரை என்று
கையால் அளந்தவர்
சட்டென்று நிறுத்திவிட்டார்.

எப்சிபா இழுத்தாள்.
அவர் எழவில்லை.
முறுக்கு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு
நானும் ஒரு கை பிடித்தேன்.
வேட்டி முழுக்க மணல்.

கரண்ட் போன ராத்திரி ஜெபத்தில் ஆமோஸ்
மேட்டூர் திறக்கணும் என்றான்,
அப்புறம்
அப்பா வெயிட் குறையணும் என்றான்.
ஆமென் சொல்லும்போது
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இருட்டில் அவருக்கும்.