எல்லாம் பச்சை

கிராட்ஸ் நகரம். செவ்வாய், விடிய இன்னும் நேரமிருக்கிறது.
வாணலியில் பூசணி விதைகள் படபடக்க
ஒன்று துள்ளி
அடுப்புக்குப் பின்னால் விழுந்தது.
கிடக்கட்டும் என்றாள் ரோஸ்விதா.

நேற்று வேகவைத்த பீன்ஸ், நறுக்கிய வெங்காயம்,
கரும்பச்சையாய் விதையெண்ணெய்,
டப்பாவை மூடி ஒரு குலுக்கு.
மதியம்வரை அதைத் தொடமாட்டாள்.

வறுத்த விதைகள் தனியாகச் சட்டைப்பையில்.
டிராம் ஓட்டுகிறவள்;
சிவப்பு விளக்குக்கு நாலு விதை,
அதுதான் கணக்கு.

நேற்று பாலத்தருகே நெரிசல்.
விதையும் தின்றாள், வசவும் தின்றாள்.

இன்றைக்கென்று பார்த்து
தடமெங்கும் பச்சை.
சொன்ன நேரத்துக்கு இறங்கிய கூட்டத்தில்
ஒருவர் நன்றிகூடச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசி நிறுத்தம்.
பை நிறைய விதை,
வயிறு நிறையப் பசி,
பூனை மாதிரி வந்து நிற்கிறது
காலி டிராம்.