மற்றவர் எல்லாரும்

வெள்ளிக்கிழமை மூன்றேமுக்காலுக்கு வந்தது கோரிக்கை.
லியெபாயா மருத்துவமனை, கணக்குப் பிரிவு, விஸ்மா:
"என் காலண்டரிலிருந்து குந்தர்ஸை எடுத்துவிடவும்."
காரணம் என்ற கட்டத்தில் ஒரு புள்ளி.
காலியாக விட்டால் படிவம் போகாது.

மெயில் சர்வர் என் பொறுப்பு.
அடித்தளத்தில் இருக்கை, ஜன்னல் கிடையாது,
பால்டிக் காற்று குழாய் வழியே ஊளையிட்டுப் போகும்.
எண்ணூற்றுப் பதினேழு பேரின் நாட்களை
நான் திறந்து பார்க்கலாம்.
திறந்தால், திறந்தேன் என்று
பதிவேடு என் பெயரை எழுதிக்கொள்ளும்.
அதற்குப் பயந்துதான் திறப்பதில்லை என்பது
முழு உண்மையில்லை.
முழுப் பொய்யுமில்லை.

யார் யாருக்கு அனுமதி என்று அறிய
நாட்களைத் தொட வேண்டியதில்லை.
வீட்டுக்குள் போகாமல்
சாவிகளை மட்டும் எண்ணுவது மாதிரி.
குந்தர்ஸ், எக்ஸ்ரே பிரிவு: உரிமையாளர்.
பார்ப்பவர் அல்ல, திருத்துபவர்கூட அல்ல.
பழைய கோரிக்கைகளில் தேடினேன்.
பதினான்கு வருடம் முன்பு ஒரு ஜூன் மாதம்,
கொடுத்ததும் நானே.
அன்று காரணக் கட்டம் போதாமல்
அடுத்த படிவத்திலும் தொடர்ந்திருந்தாள்:
அவருக்கு இரவுப் பணி, எனக்குப் பகல்,
எங்கே சந்திப்பது என்று
இருவருமே எழுத வேண்டியிருக்கிறது.

ஒரே வரிக் கட்டளை.
"நிச்சயமாகவா?" என்று கேட்டது சர்வர்,
என்னை.
ஓர் எழுத்தைத் தட்டினேன்.

நீக்கப்பட்டவர் இல்லாமல் போய்விடுவதில்லை.
பட்டியலின் அடியில் பெயரற்ற வரி ஒன்று உண்டு,
மற்றவர் எல்லாரும் என்று.
அதில் போய் விழுகிறார்.
ஊராருக்கு என்ன தெரியுமோ
அது அவருக்கும் தெரியும்:
வெள்ளைக் கட்டம், ஓய்வு.
சாம்பல் கட்டம், வேலையாக இருக்கிறார்.

திங்கள் காலை தொலைபேசியில் குந்தர்ஸ்.
"ஏதோ கோளாறு. எல்லாம் சாம்பலாகத் தெரிகிறது."
கோளாறு இல்லை என்றேன்.
"நாளை மூன்று மணிக்கு ஒன்று இருக்கிறதே, அது என்ன?"
எனக்கும் தெரியாது என்றேன்.
சற்று நேரம் அவர் பக்கத்து இயந்திரம் மட்டும் பேசியது.
பிறகு, சிரிப்பது போல,
"எலும்பு வரைக்கும் பார்க்கிறவன் நான்" என்றார்.
வைத்துவிட்டார்.

புதன்கிழமை விஸ்மா படியிறங்கி வந்தாள்,
கோட்டைக் கழற்றாமல்.
"அவன் எழுதி வைத்ததெல்லாம் இன்னும் இருக்கிறதே?"
அனுமதி போகும், எழுத்து போகாது,
வேண்டுமென்றால் மொத்தமாக அழிக்கலாம் என்றேன்.
திரையை என் பக்கமிருந்து தன் பக்கம் திருப்பி
ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.
என்ன பார்த்தாள் என்று நான் பார்க்கவில்லை;
சுட்டி சொடுக்கும் சத்தத்தைத்தான் எண்ணினேன்.
இருபத்தாறு.
இருபத்தேழாவது வரவில்லை.

"இது ஒவ்வொரு நவம்பரும் வருகிறது" என்றாள்.
"பனிக்கால டயர் மாற்ற வேண்டும் என்று.
முடிவுத் தேதியே போடவில்லை அவன்."

எடுத்துவிடவா என்றேன்.

"இருக்கட்டும்.
சாலை வழுக்கும்."