காரணம் என்ற கட்டம்

அடுத்து எந்த வண்டி வாங்கலாம், காரணம் எழுது
என்று குணதிலக்க சேர் தந்த படிவத்தில்
காரணத்துக்கு ஒரு தீப்பெட்டி அளவு இடம்.

சிவப்பு வண்டியின் பின்சில்லு
தண்டில் கோர்த்தது, அவ்வளவுதான்.
தண்டின் முதுகில் ஒரு பள்ளம்,
பள்ளத்தில் சுண்டுவிரல் நீள இரும்புத்துண்டு.
சாவி என்போம், எந்தப் பூட்டையும் திறக்காது.
வெளியே ஒரு வாஷர்,
அதற்கும் வெளியே
காதில் போடுகிற அளவு ஒரு வளையம்.
இருநூறு கிலோ இரும்பும்
மேலே உட்கார்ந்த நல்லகருப்பன் அண்ணனும்
அந்தக் கம்மலை நம்பித்தான்
ஹோட்டல் சரிவில் குறுக்கே போய் வந்தார்கள்.

பச்சை வண்டிக்கு
அச்சோடு சேர்ந்த தட்டு, தட்டில் ஐந்து போல்ட்.
ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்கிக்கொண்டு போனால்
கை தானாக ஒரு நட்சத்திரம் வரையும்.
பஞ்சரா, பத்து நிமிஷம். தேநீர் ஆறாது.

தை மாதம், புல்லில் உறைபனி வெளுத்திருந்த காலை
வளையம் எங்கோ தெறித்திருக்கிறது.
யாரும் பார்க்கவில்லை.
சில்லு விரற்கடை விரற்கடையாக வெளியே நகர்ந்து,
கல்யாணப் படம் பிடிக்கிற இடத்துக்கு மேலே
புறப்பட்டுவிட்டது.
மணப்பெண் சேலையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்க,
வேலியில் மோதி, எழும்பி, அப்பால்
யாருடையதோ லீக்ஸ் பாத்தியில் போய்ப் படுத்தது.
வண்டி ஒரு மூலையில் குந்திவிட்டது, மாடு மாதிரி.
அண்ணன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே
"அதுக்கு லீவு கெடச்சிருச்சு தங்கச்சி" என்றார்.

மறுபக்கச் சில்லையும் பார்ப்போமென்று கழற்றப் போனேன்.
மூன்று நாள்.
மண்ணெண்ணெய், நெருப்பு, சுத்தியல்,
நானுஓயாவில் இரவல் வாங்கிய இழுவைக் குறடு.
பதினொரு வருஷத் துரு சாவியைத் தண்டாக்கி
தண்டைச் சில்லாக்கி வைத்திருந்தது.
ஒரே வண்டி:
ஒரு பக்கம் சொல்லாமல் போனது,
மறுபக்கம் கெஞ்சியும் வரவில்லை.

ஆனால் இதையும் எழுத வேண்டும்:
சைப்பிரஸ் அடிக்கட்டையில் சிவப்பு முட்டியபோது
சாவி முறிந்தது.
எஞ்சின் கத்தியது, அச்சு சுழன்றது, சில்லு அசையவில்லை.
அரைமணியில் வேறு துண்டு வைத்தேன்.
அதே கட்டையில் பச்சை முட்டியபோது
ஐந்து போல்ட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.
உள்ளே கியரில் இரண்டு பல் போனது.
கொழும்பிலிருந்து சாமான் வர ஐந்து மாதம்.
அதுவரை புல், முழங்கால் வரை.

பலமானது எது என்று சேர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
எங்கே உடைய வேண்டும் என்று தெரிந்தது எது
என்று திருப்பிக் கேட்டிருப்பேன், வேலை போயிருக்கும்.

கட்டத்தில் எழுதினேன்:
பச்சை வாங்குங்கள். சிவப்பை விற்காதீர்கள்.
வளையம் ஒரு டசின், கிரீஸ் ஒரு டின்.
அந்த அடிக்கட்டையைத் தோண்ட இரண்டு ஆள்.

அண்ணன் இப்போது ஏறுமுன்
இடது பின்சில்லை ஒரு உதை உதைக்கிறார்.
பச்சை வண்டியையும்தான்.