எவ்வளவு கொடுக்குது?

ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் கேட்டார்கள்,
பையில் பாட்டில் இல்லை என்று தெரிந்த பிறகு.
மூடிய ரயில்வே கேட்டில் பக்கத்து மொபெட்காரர்
மீன்கூடையைக் காலால் அணைத்தபடி
என் முகத்தைப் பார்க்காமல் டேங்கைப் பார்த்துக் கேட்டார்:
எவ்வளவு கொடுக்குது?
இருபத்தாறு என்றேன்.
இழவு வீட்டில் போல உச்சுக்கொட்டினார்.

பச்சை. முந்நூறு சிசி. ஆறு வயது.
வாங்கியது புதுச்சேரி ரெயின்போ நகரில்,
பிரான்சுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த ழான் அருளப்பனிடம்.
"பதினோராயிரம்தான் ஓடியிருக்கு. ஒரே கை.
மழையில எடுத்ததே இல்லைங்க."
ஒன்று முப்பத்தைந்து. என்ஓசி செலவு தனி.
சிப்காட் லேபில் மூன்று வருட ஓவர்டைம்,
அது பத்தாமல் நாலு பவுன்.
கழுத்துச் செயினை விற்றுக்
காலடியில் செயின் வாங்கினவள் என்று
அண்ணி ஊருக்கெல்லாம் போன் போட்டாள்.

அந்தச் செயினுக்குப் பூந்திக்கொட்டை போதும்.
இதற்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை
மண்ணெண்ணெய், பழைய டூத்பிரஷ், ஸ்ப்ரே,
நகக்கண்ணில் மூன்று நாள் கறுப்பு.
குண்டு உப்பலவாடியில் கடல்காற்றுக்கு வேறு வேலையில்லை;
ஜன்னல் கம்பியைத் தின்று முடித்துப்
பிரேக் போல்ட்டுக்கு வருகிறது.
பின் டயர் ஒன்று ஒன்பதாயிரம்.
"ரப்பரா, பட்டா?" என்றாள் அம்மா.
லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மிச்சமென்று
முள்ளோடை தாண்டிப்போய் நிரப்புகிறேன்,
போகவர ஒரு லிட்டரை எரித்துவிட்டு.
கெமிஸ்ட்ரி படித்தவளின் கணக்கு இது.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து
ஆளில்லாத சிதம்பரம் ரோட்டில்
முள் எட்டாயிரத்தைத் தொடும்போது
வண்டி ஒரு சத்தம் போடும்.
அதை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
செலவு நோட்டில் இடம் தேடியிருக்கிறேன்.

ஆவணியில் ஒரு ராத்திரி ரெட்டிச்சாவடியில் நின்றது.
விளக்கு மங்கி, மீட்டர் செத்து,
நூற்றெழுபது கிலோ இரும்பு.
தள்ளினேன்.
நாய்கள் கூடவே வந்தன.
அவை ஒன்றும் கேட்கவில்லை.

புதுப்பாளையத்தில் சர்புதீன் ஃபேரிங்கைக் கழற்றினார்.
பதினாறு ஸ்க்ரூ, ஐந்து கிளிப், அதில் இரண்டு உடைந்தது.
சார்ஜிங் கப்ளரில் பச்சைப் பூ.
ஏர்ஃபில்டர் பெட்டியின் அடியில்
விரல் கனத்துக்கு வண்டல்.
தொட்டு முகர்ந்தார்.
"வெள்ளத்துல நின்ன வண்டி மேடம்.
நல்லவேளை, தண்ணியோட ஸ்டார்ட் பண்ணிப் பாக்கல.
பண்ணியிருந்தா இன்ஜின் காலி."

அருளப்பன் பொய் சொல்லவில்லை.
மழைக்குள் வண்டி போகவில்லை,
வண்டிக்குள்தான் மழை போயிருக்கிறது.

பாரிசில் இப்போது என்ன மணி என்று பார்த்துப்
போனை எடுத்தேன்.
வசவெல்லாம் நாக்கு நுனியில் வரிசைகட்டி.
எடுத்த கை எடுத்தபடி நின்றது.

பெண்ணையாறு தெருவேறி வந்த அதே வருஷம்
எங்கள் கீழ்வீட்டுச் சுவரில்
இடுப்பளவுக்கு ஒரு கோடு விழுந்தது.
பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் வெளிர்நீலம் அடித்து,
"இங்கெல்லாம் தண்ணி வராதுங்க" என்று
நான்தான் வாடகைக்கு விட்டேன்.
ஐயாயிரத்து ஐந்நூறு.
டயர் அதில் வாங்கியதுதான்.

வயரிங் ஏழாயிரத்து இருநூறு.
"ஓடும். ஆனா இனிமே
ஒவ்வொரு கப்ளரா கேக்கும்" என்றார் சர்புதீன்.

ஐப்பசி பிறந்துவிட்டது.
கீழ்வீட்டு அன்புக்கரசு பீரோவை
அந்தச் சுவரோடுதான் ஒட்டிப் போட்டிருக்கிறார்.
பிள்ளைகளின் சான்றிதழெல்லாம் அடித்தட்டில்.
காலுக்கு நாலு செங்கல் கொடுத்து உயர்த்துங்கள் என்று சொல்ல,
ஏனென்று கேட்டால்
மிச்சத்தையும் சொல்ல,
படியிறங்கி வந்தேன்.

அவர் வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தார்.
நான் வாய் திறக்கும் முன்
டேங்கைத் தடவியபடி
கேட்டார்:
எவ்வளவு கொடுக்குது?