முகம் விழாமல்

படத்தில் முகம் விழக்கூடாது.
பக்கத்தில் ஸ்கேல் இருக்க வேண்டும்.
பின்னால் நீலத்துணி.
பதினோரு வருடமாக இவ்வளவுதான் என் வேலை.
தோல் பிரிவு, இரண்டாம் மாடி,
மின்விசிறி முனகும் அறை.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் கைகள்
விரலிடுக்கெல்லாம் வெடித்து வரும்.
"கவிச்சி வாடை போகாதும்மா, கோச்சுக்காத"
என்று கைகளே பேசுவதுபோல் இருக்கும்.
விரலை விரிச்சு வைங்க என்பேன்.
அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

அடுத்தவர் பிரியாணியை முதுகில் சுமந்து
ஓ.எம்.ஆர். வெயிலில் அலைகிற பையனுக்கு
பெல்ட்டுக்குக் கீழே படர்தாமரை.
இந்த நோய்க்குப் பேர் வைத்தவன்
ஏதோ குளக்கரையில் உட்கார்ந்து
சொறிந்துகொண்டிருந்திருப்பான்.
பையனுக்குச் சிரிப்பு வரவில்லை.
மெடிக்கலில் கேட்டு வாங்கிய ட்யூபை
மூன்று மாதம் தேய்த்திருக்கிறான்.
தாமரை இலைமேல் இலை விட்டு
தொடைவரை வந்துவிட்டது.

மழைத்தண்ணீர் வடிந்த வாரம்
பாதங்கள் மட்டும் நாற்பத்தேழு.
கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு, வேளச்சேரி,
எல்லாத் தெருவும் கால்விரல் இடுக்கில்
வெளுத்து ஊறிக் கிடந்தன.

ஒருநாள் ஒரு முதுகு. அக்கி.
அதன்மேல் காவியில் ஒரு சிங்கம்.
வில்லிவாக்கத்தில் யாரோ குயவர் எழுதியதாம்,
பிடரிக்கு மட்டும் பதினைந்து கோடு.
"துடைச்சிட்டு எடுங்க" என்றார் டாக்டர் கோதைநாயகி.
துடைக்கும் முன் ஒன்று எடுத்துவிட்டேன்.
எந்தக் கோப்பிலும் சேராத படம்.
அழிக்கவும் மனசு வரவில்லை.

தி.நகர் நகைக்கடையில் நிற்கிற பெண்ணுக்கு
முகமேதான் புண்.
வெளுக்கும் என்று பூசிய க்ரீமில்
கன்னம் மெலிந்து நரம்பு சிவந்திருந்தது.
கண்மேல் கறுப்புப் பட்டை கட்டினேன்.
பட்டைக்குக் கீழேயிருந்து சொன்னாள்:
"நாலு மாசம் கலரா இருந்தேங்க்கா.
நெஜமாவே இருந்தேன்."

போன வெள்ளிக்கிழமை
பெரம்பூர் பேருந்து நிறுத்தத்தில் ஒருவன்,
"அக்கா, என்னைத் தெரியலையா?"
தெரியவில்லை.
நல்ல மீசை. பக்கத்தில் மனைவி,
அவள் இடுப்பில் பிஸ்கட் தின்னும் குழந்தை.
பேர் இஸ்ரவேல் என்றான்.
அதுவும் உதவவில்லை.
சிரித்துக்கொண்டே
சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றினான்.

நெஞ்சுக்குழியில்
கால் நீட்டிப் படுத்த நண்டு!
அட, நீயா?
மெட்ரோ வேலையில் வெல்டிங் பொறி தெறித்து
ஆறியபின்னும் நிற்காமல் வளர்ந்த தழும்பு.
மாதம் ஒரு ஊசி, எட்டு ஊசி.
நாலரை சென்டிமீட்டரில் தொடங்கினோம் நாம்.
அத்தனை கூட்டத்தில் குனிந்து
வெளிச்சத்துக்குத் தோதாக அவனை லேசாகத் திருப்பி
"நல்லா அமுங்கியிருக்கே" என்றேன்.
அவன் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்,
முன்பல் ஒன்று மற்றொன்றின்மேல் ஏறியிருந்தது.
ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பதற்குள்
29சி வந்துவிட்டது.

எனக்கும் ஒன்று இருக்கிறது.
கீழுதட்டின் ஓரம், உளுந்தளவு வெள்ளை.
தீபாவளிக்கு முன் கடுகளவு இருந்தது.
டாக்டரிடம் சொல்லவில்லை.
லிப்ஸ்டிக் போட ஆரம்பித்திருக்கிறேன்,
"என்ன மேடம் விசேஷம்" என்கிறார் வார்டுபாய் துலுக்காணம்.

நேற்று மதியம் கதவைத் தாழிட்டு
துடைத்துவிட்டு
நீலத்துணிக்கு முன்னால் நானே நின்றேன்.
மூன்று மில்லிமீட்டர்.
கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.
இன்னும் கிட்டே.
ஸ்கேலை எங்கே பிடித்தாலும்
படத்தில்
என் முகம் விழுந்துகொண்டே இருந்தது.

தட்டினார்கள்.
திறந்தேன்.
டோக்கன் அறுபத்திரண்டு,
ஒரு முழங்கை.